கிராதிக்காரர் வேந்தரான கதை

ரயில் டிக்கெட்டைக் ‘கேன்சல்’ செய்கிறோம். பட்டமளிப்பு விழாவுக்குச் ‘சான்சலர்’ வருகிறார். இரண்டு சொல்லுக்கும் தாய் ஒன்றுதான்: லத்தீன் மொழியின் ‘கான்செல்லி’. குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த தடுப்பு என்று பொருள். பழைய தேவாலயங்களில் பீடத்துக்கும் மக்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்பு இருக்கும்; கிராதி என்போம். அதேதான் கான்செல்லி. பீடம் இருக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘சான்சல்’ என்று பெயர் வந்ததும் அந்தத் தடுப்பால்தான்.

எழுதியதை அடிக்கும்போது அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார்கள். பார்த்தால் கிராதி போலவே இருக்கும். ‘கேன்சல்’ பிறந்தது இப்படி. தமிழில் ‘அழி’ என்றால் கம்பித் தடுப்பு என்றும் பொருள் உண்டு, துடைத்துவிடு என்றும் பொருள் உண்டு. நம்முடையவை வெவ்வேறு சொற்கள், உருவம் ஒத்துப்போனது தற்செயல். ஆனாலும் இந்தப் பொருத்தத்தைக் கவனித்தவர்களுக்குச் சான்சலரின் வேர் மறக்காது.

ரோமானிய நீதிமன்றத்தில் மேடையில் நடுவர், கீழே கூட்டம், நடுவில் கிராதி. அந்தக் கிராதியோரம் நின்றவர் ‘கான்செல்லாரியுஸ்’. மனுவை வாங்கி உள்ளே கொடுப்பதும், ஆட்களை விடுவதும் நிறுத்துவதும், உள்ளிருந்து வந்த உத்தரவை வெளியே சொல்வதும் அவர் வேலை. தொடக்கத்தில் மிகச் சிறிய உத்தியோகம். ஆனால் நடுவரிடம் எந்த மனு முதலில் போகும் என்பது அவர் கையில் இருந்தது. அதுதான் அந்தப் பதவியின் வளர்ச்சிக்கு விதை. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உயர் அதிகாரியாக இருந்த காசியோடோரஸ், தன் கான்செல்லாரியுஸுக்கு எழுதிய கடிதத்தில், உன் பதவியின் பெயரைப் பார், கிராதிகளுக்கு நடுவே நீ செய்வது எதுவும் மறையாது என்ற கருத்தை வைக்கிறார். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே சுவர் எழுப்பாமல் கம்பி வைத்தார்கள் என்பது அவர் வாதம். பதவிப் பெயரை வைத்தே நேர்மையைக் கேட்ட அந்தக் கடிதத்தைவிட நல்ல விளக்கம் இந்தச் சொல்லுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

ரோம் சரிந்த பிறகு வந்த அரசர்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குருமாருக்குத் தெரியும். அரண்மனைச் சிற்றாலயத்துக் குருவே அரசரின் கடிதங்களையும் எழுதினார். அவருக்குத் தேவாலய மானியம் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், கருவூலத்திலிருந்து சம்பளம் தர வேண்டியதில்லை. கிராதியோரம் நின்றவர் இப்படி மேசைக்கு வந்தார். மேசைக்கு வந்தவர் கைக்கு அரச முத்திரை வந்தது. சான்சலர் என்ற பதவியின் உயிர் அந்த முத்திரையில்தான் இருக்கிறது.

முத்திரை வைக்கும் முறையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்தின் பெருமுத்திரைக்கு இரண்டு அச்சு, முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. தோலில் எழுதி முடித்த ஆணையின் அடிப்பகுதியைச் சற்று மடித்து, அந்த மடிப்பில் கீறி, தோல்வாரையோ பட்டுக் கயிற்றையோ கோத்துத் தொங்கவிடுவார்கள். இளக்கிய மெழுகை அடை போலத் தட்டி, தொங்கும் கயிற்றை நடுவில் வைத்து, இரண்டு அச்சையும் இருபுறமும் வைத்து அழுத்துவார்கள். மெழுகு அதிகம் சூடானால் ஒழுகிவிடும், குறைந்தால் உருவம் பதியாது. மெழுகு காய்ச்சுவதற்கென்றே 19ஆம் நூற்றாண்டு வரை ஒரு தனிப் பதவி இருந்தது. எல்லோரும் பார்க்க வேண்டிய ஆணை என்றால் விரித்தபடியே முத்திரை கீழே தொங்கும். ஒருவருக்கு மட்டும் போகும் கடிதம் என்றால் மடித்து மூடி முத்திரை வைப்பார்கள். உடைக்காமல் படிக்க முடியாது.

அனுப்பியதற்குப் படி எடுத்து வைக்கும் வழக்கம் அங்கே உறுதிப்பட்டது 1199இல் ஹியூபர்ட் வால்ட்டர் சான்சலரான பிறகு. சாசனச் சுருள் அந்த ஆண்டிலேயே தொடங்குகிறது, திறந்த கடிதங்களுக்கும் மூடிய கடிதங்களுக்கும் தனிச் சுருள்கள் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. ஆட்டுத் தோல்களைத் தலைமாடு கால்மாடாகத் தைத்து நீளமாக்கிச் சுருட்டி வைப்பார்கள். வேலை எப்படிப் பெருகியது என்பதற்கு மெழுகுக் கணக்கே சாட்சி: மூன்றாம் ஹென்றி காலத்தில், 1226–30இல் வாரத்துக்குச் சுமார் 3.6 பவுண்டு மெழுகு செலவானது. 1265–71இல் சுமார் 32 பவுண்டு. நாற்பது ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஓர் அரசு வாய்ச்சொல்லிலிருந்து எழுத்துக்கு மாறியதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

முத்திரை இல்லையென்றால் அரசே முடங்கிவிடும் என்ற நம்பிக்கை ஆழமாக இருந்தது. 1688 டிசம்பரில் தப்பியோடிய இரண்டாம் ஜேம்ஸ், பெருமுத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிட்டுப் போனார். முத்திரை இல்லாமல் நாடாளுமன்றத்தைச் சட்டப்படி கூட்ட முடியாது என்பது அவர் எண்ணம். 1784 மார்ச்சில், நாடாளுமன்றம் கலைக்கப்படுவதற்கு முந்தைய இரவு, சான்சலர் தர்லோவின் வீட்டிலிருந்தே முத்திரை திருடுபோனது. அவசரமாகப் புதியது செய்து காரியத்தை நடத்தினார்கள். முத்திரையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தாமஸ் பெக்கெட் வேறு விதமாகக் காட்டினார். 1155 முதல் சான்சலராக இருந்தவர், 1162இல் காண்டர்பரிப் பேராயரானதும் முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பதவியும் ஒரே ஆளிடம் இருந்தால் திருச்சபையும் தன் கைக்குள் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்த அரசருக்கு விழுந்த முதல் அடி அது.

இந்த வேலையைச் செய்தவருக்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. சோழர் செப்பேடுகளைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: திருமந்திர ஓலை, அவருக்கு மேல் திருமந்திர ஓலை நாயகம். அரசர் வாயால் சொல்வது திருவாய்க்கேள்வி. கேட்டதை ஓலையில் எழுதுபவர் திருமந்திர ஓலை. எழுதியது சொன்னதோடு பொருந்துகிறதா என்று பார்த்து ஒப்புபவர் ஓலை நாயகம். பிறகு அது புரவுவரித் திணைக்களத்துக்குப் போய், வரிக் கணக்கில் ஏறும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகப் பெயர் வரும். ஊருக்கு அரச ஆணையான திருமுகம் வந்து சேர்ந்ததும் நாட்டார் எதிர்கொண்டு போய், தொழுது, தலைமேல் வைத்து, பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை என்ற கொடை ஆவணம் செய்து கொடுப்பார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆனைமங்கலச் செப்பேடு, லைடன் பெரிய செப்பேடு என்றும் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்த ஆவணம். மொத்தம் 21 ஏடு, 5 சமஸ்கிருதத்தில், 16 தமிழில். ஏடுகளைக் கோத்த வளையத்தில் முத்திரை ராஜேந்திரனுடையது. கொடுத்தவர் தந்தை, முத்திரை மகனுடையது; சொன்ன நாளுக்கும் செம்பில் ஏறிய நாளுக்கும் இடையே காலம் ஓடியிருக்கிறது. வாய்மொழி, எழுத்து, சரிபார்ப்பு, பதிவு, முத்திரை என்ற இந்த வரிசைதான் சான்சலரின் அலுவலகமான லண்டன் சான்சரியிலும் நடந்தது. இடைக்கால ஐரோப்பிய வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் சான்சலருக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். ‘ஓலை நாயகம்’ என்று எழுதிப் பாருங்கள், வேலை என்ன என்பது வாசகருக்கு அந்தச் சொல்லிலேயே விளங்கிவிடும்.

இங்கிலாந்தில் இந்தப் பதவி பிறகு பல கிளைகளாகப் பிரிந்தது. பொதுச் சட்டத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் அரசரிடம் மனுக் கொடுக்க, அரசர் அவற்றைச் சான்சலரிடம் தள்ள, சான்சரி நீதிமன்றம் உருவானது. 1873–75 சட்டங்கள் அதை மற்ற நீதிமன்றங்களோடு இணைத்தன. லார்டு சான்சலர் என்ற மூலப் பதவி நீதித்துறைத் தலைமை, பிரபுக்கள் அவையின் தலைமை, அமைச்சர் பதவி மூன்றையும் ஒரே தலையில் சுமந்துகொண்டு வந்தது. 2005இன் அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டம் முதலிரண்டையும் இறக்கி வைத்தது.

நிதிக்குப் பொறுப்பான சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் வேறு கிளை. ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயர் வந்தது சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட துணியால். 12ஆம் நூற்றாண்டில் 10 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள மேசையில் கோடிட்ட கறுப்புத் துணியை விரித்து, காய்களை நகர்த்தி வரிக்கணக்குப் பார்த்தார்கள். சான்சலரின் ஆள் அங்கே உட்கார்ந்து, எழுதுவது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். 13ஆம் நூற்றாண்டில் அது தனிப் பதவியானது. ஆகவே லண்டனில் இன்றைக்கு இரண்டு சான்சலர்கள் அமைச்சரவையில் இருக்கிறார்கள், லங்காஸ்டர் கோமகம் என்ற அரசரின் நிலச் சொத்துக்கான சான்சலரையும் சேர்த்தால் மூவர். செய்தியில் வெறும் ‘சான்சலர்’ என்று வந்தால் அவர் நிதி அமைச்சர். தமிழிலும் நிதி அமைச்சர் என்று எழுதுவதே சரி. அதைச் ‘சான்சலர்’ என்று அப்படியே விட்டால் படிப்பவர் மனம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

பல்கலைக்கழகத்துக்குள் இந்தச் சொல் நுழைந்தது பாரிஸ் வழியாக. நோத்ர் தாம் பேராலயத்தின் சான்சலர்தான் கற்பிக்கும் உரிமம் கொடுப்பவர், ஏனென்றால் எழுத்துவேலையும் பள்ளியும் அவர் பொறுப்பில் இருந்தன. உரிமத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று 1179இல் திருச்சபையின் பொதுச்சங்கமான மூன்றாம் லாத்தரன் சங்கம் தடை போட வேண்டியிருந்தது என்றால், என்ன நடந்துகொண்டிருந்தது என்று புரிந்துகொள்ளலாம். ஆசிரியர்களோடு மோதல் முற்றி, 1231இல் போப் ஒன்பதாம் கிரகோரி ஓர் ஆணையால் சான்சலரின் கையைக் கட்டினார். ஆக்ஸ்ஃபோர்டில் நிலைமை வேறு. அந்த ஊர் லிங்கன் மறைமாவட்டத்தில் இருந்தது. லிங்கன் பேராலயமோ வெகு தொலைவில். மேலே உட்கார்ந்து மேய்க்க ஆள் பக்கத்தில் இல்லாததால், 1214இலிருந்து ஆவணங்களில் தெரியும் சான்சலர் விரைவிலேயே ஆசிரியர்களின் ஆளாகிவிட்டார். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரண்மனைச் செல்வாக்குள்ள பெரிய மனிதர்களைச் சான்சலராகத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்தது. அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். அன்றாடக் காரியம் துணையாளரிடம் விழுந்தது. துணைவேந்தர்தான் உண்மையில் நடத்துபவர் என்ற ஏற்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது.

1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து உருவாயின. சென்னையிலும் பம்பாயிலும் அந்தந்த மாகாண ஆளுநரும், கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலும் சட்டப்படி சான்சலர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுநர் பதவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஒட்டுதான் இன்றுவரை தொடர்கிறது. தமிழில் இவர் ‘வேந்தர்’ ஆனார், இணைவேந்தர், துணைவேந்தர் என்று குடும்பமும் பெருகியது. இலங்கையில் உபவேந்தர் என்றும் எழுதுவார்கள். சேர சோழ பாண்டியருக்கு மட்டுமே உரியதாக இருந்த சொல், மற்ற சிற்றரசர்களுக்குக்கூடக் கொடுக்காத சொல், கிராதியோரம் மனு வாங்கியவரின் வாரிசுக்குக் கிடைத்திருக்கிறது. அழகான சொல்தான், நாவுக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் பொருளைத் தலைகீழாக்குகிறது. அரசனுக்குக் கீழே எழுத்துவேலை பார்த்தவரை அது அரசனாக்கிவிட்டது. ‘வேந்தர்’ என்றாலே இறுதி அதிகாரம் அவருடையது என்ற எண்ணம் சொல்லிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆளுநர் என்ற பதவி அரசமைப்பிலிருந்து வருகிறது. அங்கே அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். வேந்தர் என்ற பதவி அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆள் ஒருவர்தான், தொப்பி இரண்டு. கண்ணூர்ப் பல்கலைக்கழக வழக்கில் 2023 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் துணைவேந்தரின் மறுநியமனத்தை ரத்து செய்ததற்குக் காரணம் இதுவே: வேந்தர் தானாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மாநில அரசின் தூண்டுதலுக்கு உட்பட்டுவிட்டார் என்றது. நியமனம் அடிபடும் இன்னொரு இடம், துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடல் குழு. குழு மூன்று பெயராவது தர வேண்டும், வேந்தர் அதில் ஒருவரை எடுப்பார் என்பது பொதுவான முறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி 3 முதல் 5 பெயர் என்கிறது, குழுவில் மானியக் குழுவின் நியமனமாக ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது.

ஆளுநர்களுக்கு இந்த வேந்தர் சுமை வேண்டாம் என்று மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010இலேயே சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் துணைவேந்தரை மாநில அரசே நியமிக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது, அதைத் தொடர்ந்து ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே இழுபறி வந்தது. ஆளுநர்தான் வேந்தராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கல்லில் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டின் இசை, கவின் கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சர்தான் வேந்தர். விசுவபாரதிக்குப் பிரதமர், அங்கே அந்தப் பதவிக்கு ‘ஆசார்யா’ என்றே பெயர். இலங்கையில் 1978இன் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி வேந்தரை ஜனாதிபதி நியமிக்கிறார், வேந்தரின் முக்கிய வேலை பட்டமளிப்புக்குத் தலைமை தாங்குவது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு சான்சலர், அவர்களுக்கெல்லாம் மேலே ஒரு பிரசிடென்ட். அதே மாநிலத்தின் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேலே சான்சலர், வளாகங்களில் பிரசிடென்ட்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ‘கான்ஸ்லர்’ என்றால் வரவு செலவும் நிர்வாகமும் பார்ப்பவர், நம் பதிவாளருக்கு நெருக்கமானவர். அவரை ‘வேந்தர்’ என்று மொழிபெயர்த்தால் பதவி பல படி ஏறிவிடும்.

ஜெர்மனிதான் செய்தி எழுதுகிறவர்களை அதிகம் சறுக்கவைக்கும் இடம். 1871இல் பிஸ்மார்க் பேரரசின் சான்சலரானபோது பேரரசருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். 1949க்குப் பிறகு அந்தப் பதவி நாடாளுமன்றத்தின் கையில். ஜெர்மன் அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி விவாதம் இல்லாமல் அவை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது, 65ஆவது பிரிவுப்படி கொள்கை வழியை அவர் வகுக்கிறார். 67ஆவது பிரிவு சுவையானது: அடுத்தவரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரை இறக்க முடியாது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இருந்த வைமார் குடியரசுக் காலத்தில் எல்லோரும் சேர்ந்து அரசைக் கவிழ்ப்பார்கள், மாற்று அமைக்க ஒருவரும் சேரமாட்டார்கள். அந்த அனுபவத்தால் வந்த பூட்டு இது. 1972இல் சான்சலர் பிராண்டுக்கு எதிராக 249 வாக்கு தேவைப்பட்டது, 247தான் விழுந்தது. 1982 அக்டோபர் 1 அன்று சான்சலர் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோல் வந்தது அந்தப் பிரிவின்படிதான். 2025 மே 6 அன்று மெர்ஸுக்கு முதல் சுற்றில் 310 வாக்கு, தேவை 316. இரண்டாம் சுற்றில் 325 பெற்று வென்றார்.

இவரைத் தமிழ் நாளிதழ்கள் ‘ஜெர்மன் அதிபர்’ என்கின்றன. அமெரிக்க அதிபர், ரஷ்ய அதிபர் என்று எழுதும் அதே கையால். ஜெர்மனிக்குத் தனியாக ஒரு குடியரசுத் தலைவர் இருக்கிறார். இருவரும் ஒரே செய்தியில் வரும்போது குழப்பம் தலைதூக்கும். இலங்கை வாசகருக்கு ‘அதிபர்’ என்றால் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வேறு. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ‘சான்சலர்’ என்றே போட்டு, முதல் தடவை ‘அரசாங்கத் தலைவரான சான்சலர்’ என்று ஒரு அடை கொடுத்தால் போதும். சுவிட்சர்லாந்தில் அதே ‘கூட்டாட்சிச் சான்சலர்’ ஏழு பேர் கொண்ட அமைச்சரவையின் செயலகத் தலைவர், அவர் அதன் உறுப்பினர்கூட அல்ல. அங்கே அமைச்சரவைச் செயலர் என்பதே நெருங்கிய சொல். லத்தீன் அமெரிக்கச் செய்தியில் ‘கான்சியேர்’ என்று வந்தால் அவர் வெளியுறவு அமைச்சர். பிரான்சில் அரசின் சான்சலர் பதவியே இப்போது இல்லை, ஆனால் நீதி அமைச்சரை இன்றும் ‘முத்திரைக் காப்பாளர்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

பழைய வேலை கொஞ்சமும் மாறாமல் இருக்கும் இடம் ஒன்று நம் ஊரிலேயே உண்டு. ஒவ்வொரு கத்தோலிக்க மறைமாவட்டத்திலும், சென்னையானாலும் மதுரையானாலும் யாழ்ப்பாணமானாலும், ஆயரில்லத்தில் ஒரு சான்சலர் இருப்பார். 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 482ஆவது பிரிவில் அவர் வேலையைச் சொல்கிறது: ஆவணங்களை எழுதச் செய்வது, அனுப்புவது, ஆவணக் காப்பறையில் பாதுகாப்பது. 487ஆவது பிரிவு அந்த அறை பூட்டியிருக்க வேண்டும் என்கிறது. சாவி இருவரிடம் மட்டுமே இருக்கலாம்: ஆயர், சான்சலர்.